தீர்மானப் புத்தகத்தின் காலி வரிகள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் கிராமசபை பற்றிய ஒரு கேள்விக்கு நான் எழுதிய நான்கு வரிப் பதிலைப் படித்துவிட்டு, உள்ளாட்சிகளும் பொது நிறுவனங்களும் ஒழுங்காக நடப்பதற்குத் தன்னார்வமாக என்ன செய்யலாம் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. பணிக்காலம் முழுவதையும் ஊராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே கழித்தவன் என்பதால், பதில்களில் வவுச்சர் வாடை சற்றுத் தூக்கலாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் சென்னையில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். சொந்த ஊர் திண்டிவனத்துக்கு அருகே ஒரு சிற்றூர். விடுமுறை நாட்களில் ஊருக்குச் சென்று, ஊராட்சி நிர்வாகம் நேர்மையாக நடக்க ஏதேனும் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், சென்னை

உங்கள் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராமசபையின் உறுப்பினர்கள். பெயரைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் விருந்தாளி மட்டுமே. இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். எழுந்து நின்று கேட்க வேண்டியவர்கள் உங்கள் சித்தியும், எதிர்வீட்டுக்காரரும், நூறு நாள் வேலைக்குப் போய்வருகிறவர்களும்தான் என்பது இதனால் தெளிவாகிவிடுகிறது. உங்களுடைய வேலை கூட்டத்துக்கு முந்திய பத்து நாட்களிலும் பிந்திய பத்து நாட்களிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நான்காக இருந்த கிராமசபைக் கூட்டங்கள் 2022 முதல் ஆண்டுக்கு ஆறாகியிருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பது, பணிகளின் முன்னேற்றத்தைக் கேட்பது ஆகிய அதிகாரங்களை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே இந்தச் சபைக்குத் தந்திருக்கிறது. இவ்வளவு அதிகாரம் உள்ள சபையில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டிவிடுவதற்குக் காரணம், வருகிறவர்கள் ஒரு தாள்கூடக் கையில் இல்லாமல் வருவதுதான்.

ஆகவே ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர்த் தொட்டியையே எடுத்துக்கொள்ளலாம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூணில், சுத்தம் செய்த நாளும் அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாளும் பெயிண்ட்டில் எழுதப்பட்டிருக்கும். நான் தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊராட்சியில், தொட்டியைச் சுத்தம் செய்ததற்கான கூலி வவுச்சர்கள் தவறாமல் இருந்தன, பிளீச்சிங் பவுடர் வாங்கிய ரசீதும் இருந்தது, ரொக்கப் பதிவேட்டின் கூட்டுத்தொகையும் பைசா பிசகாமல் வந்தது. குறிப்பு எழுத ஒன்றுமில்லை என்று நான் பேனாவை மூடியபோது, குடத்தோடு குழாயடியில் நின்றிருந்த ஓர் அம்மாள், "ஏணியே இல்லையே ஐயா, எதிலே ஏறிக் கழுவினாங்க?" என்று கேட்டார். வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். கீழிருந்து எட்டுப் படிகள் துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தன. உதிர்ந்த இடத்தில் தூணில் பாசி படிந்திருந்ததைப் பார்த்தால் அது நேற்று நடந்ததாகத் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு வவுச்சர் தெரியாது, எனக்கு ஏணி தெரியவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைப்பதைத்தான் உங்களைப் போன்றவர்களிடம் எதிர்பார்க்கிறேன்.

கூட்டம் முடிந்த பிறகு கவனிக்க வேண்டியது தீர்மானப் புத்தகம். பல ஊர்களில் வருகைப் பதிவு என்று சொல்லிப் பந்தல் வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே விடப்பட்டிருக்கும் காலி வரிகளில் என்ன தீர்மானம் ஏறுகிறது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவரும். தீர்மானங்கள் அனைத்தையும் கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலரான பற்றாளர் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்தின் கீழே குறுக்குக்கோடு இழுத்த பின்பே கையெழுத்திடுமாறு உங்கள் ஊர்க்காரர்களைப் பழக்குங்கள். முதல் தடவை ஊராட்சிச் செயலர் முகம் சுளிப்பார். மூன்றாவது தடவை அவரே ஸ்கேலை எடுத்து வைத்திருப்பார். நகல் தேவையென்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

உங்கள் தொழிலைப் பார்த்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஊருக்கு ஒரு செயலி செய்து தருகிறேன் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஊராட்சிகளுக்கான அரசு இணையதளமான இ-கிராம் ஸ்வராஜில் உங்கள் ஊராட்சியின் திட்டமும் செலவும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால், செயலியைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.

கேள்வி: தன்னார்வலர்கள் மனு கொடுப்பதாலும் கேள்வி கேட்பதாலும் ஒரு சாலையோ விளக்கோ வரலாம். ஓர் அமைப்பே மாறியதற்கு, சட்டமே மாறியதற்கு உதாரணம் உண்டா? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புதுக்கோட்டை

அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தைக் கண்ணெதிரே கண்ட மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. இருந்தாலும் கேட்டது சட்டத்தைப் பற்றி என்பதால் ராஜஸ்தானுக்குப் போவோம்.

சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1975-இல் அதை விட்டு விலகிய அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் 1987-இல் ராஜ்சமந்த் பகுதியிலுள்ள தேவ்டூங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண்வீட்டில் குடியேறினார்கள். அங்கிருந்து 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு பிறந்தது. வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட வந்து சேரவில்லை. கேட்டால், "அளவுப் புத்தகத்தின்படி நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை" என்றார்கள். சரி, அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம் என்றார்கள். கூலிக்கான போராட்டம் காகிதத்துக்கான போராட்டமாக மாறிய இடம் இதுதான்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். கிடைத்த பட்டியல்களையும் பில்களையும் ஊர் நடுவே ஒருவர் உரக்கப் படித்தார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து, அந்த வேலைக்குத் தாங்கள் போகவே இல்லை என்று அங்கேயே சொன்னார்கள். தணிக்கைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: மேசைக்கு முன்னால் அமர்ந்து ஆறு மாதம் புரட்டினாலும் நாங்கள் கண்டுபிடிக்க முடியாததை, பட்டியலை வாய்விட்டுப் படிப்பது ஒரே மதியத்தில் கண்டுபிடித்துவிடும். 1996-இல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா இருந்தார்கள். "நம் பணம், நம் கணக்கு" என்பதே அவர்களுடைய முழக்கம். 2000-இல் ராஜஸ்தானில் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 1997-லேயே இப்படியொரு சட்டம் இயற்றியிருந்தது என்று நாம் பெருமை பேசலாம்தான். ஆனால் அதில் விலக்குகள் மலிந்திருந்தன, கேட்டுப் போராடிப் பெற்றவர்கள் யாரும் இல்லாததால் பயன்படுத்தியவர்களும் குறைவு. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கிராமசபையே பணிகளைச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. கோட் கிரானாவில் ஊர் நடுவே நடந்தது, பதினோரு ஆண்டுகளில் சட்டப்பிரிவாகிவிட்டது.

இந்த அமைப்பினர் நிறுவனங்களிடமிருந்து நிதி பெறுவதில்லை என்பதையும், முழுநேரமாக உழைப்பவர்கள் குறைந்தபட்சக் கூலியையே ஊதியமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்காகப் பேசினார்களோ அவர்களுடைய கூலியில் வாழ்ந்ததால், "உங்களுக்கென்ன, பேசிவிட்டுப் போய்விடுவீர்கள்" என்று அவர்களிடம் ஒருவரும் சொல்ல முடியவில்லை.

இன்னொரு வகை உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17 அன்று மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர்கள் உற்சாகமாகத் திட்டம் போட்டன; ஆனால் மதிப்பீடுகள் பலவும் தொழில்நுட்ப முறையில் தேறவில்லை. அப்போது ஓய்வுபெற்ற பொறியாளர்களும் வேளாண் அலுவலர்களும் மருத்துவர்களும் ஆயிரக்கணக்கில் தொண்டர் தொழில்நுட்பப் படையாகச் சேர்ந்து திட்டங்களைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு விதிக்கப்பட்ட வரம்புதான் எனக்கு மிகவும் பிடித்தது: மதிப்பீட்டைத் திருத்தலாம், ஆலோசனை சொல்லலாம், ஆனால் எது முதலில் வேண்டும் என்று ஊர் முடிவு செய்த வரிசையை மாற்றக்கூடாது. ஓய்வுபெற்ற அலுவலர்களை அந்த வரம்புக்குள் நிறுத்தி வைப்பது எவ்வளவு கடினம் என்பதை என் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: நான் தனித்தொகுதி ஊராட்சி ஒன்றின் தலைவராக இருந்தேன். தன்னார்வலர்கள் என்று வந்தவர்கள் எங்களையே திருடர்களைப் போலப் பார்த்தார்கள். துணைத் தலைவர் மாதக்கணக்கில் காசோலையில் கையெழுத்துப் போட மறுத்தபோது அவர்களில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. இது எந்த வகைத் தொண்டு? – முன்னாள் ஊராட்சித் தலைவர், சிவகங்கை மாவட்டம்

அம்மா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணத்தை எடுக்க முடியும் என்ற விதி, கையாடலைத் தடுக்க வைக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர், அதிலும் ஒரு பெண், தலைவராக வரும்போது அவரை முடக்குவதற்கான பூட்டாகவும் அதே விதி பல ஊர்களில் மாறியிருக்கிறது. கணக்கு கேட்பவர்கள் இந்தப் பூட்டைக் கவனிக்காமல், "ஆறு மாதமாகத் தெருவிளக்கு ஏன் எரியவில்லை" என்று தலைவரை மட்டும் கேட்பது அநியாயத்துக்குத் துணைபோவதாகும்.

1997 ஜூன் 30 அன்று மேலவளவில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் கொல்லப்பட்டதையும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996-இல் இடஒதுக்கீடு வந்த பின்பு பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடத்த முடியாமல் 2006 அக்டோபரில்தான் நடந்ததையும் அறியாத ஒருவர், தென்மாவட்டங்களில் உள்ளாட்சித் தொண்டுக்கு வரக்கூடாது என்றே சொல்வேன்.

தன்னார்வலர் உங்களுக்குச் செய்திருக்கக்கூடியது என்ன? கையெழுத்து மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் எந்தக் காசோலை, எந்தப் பணி, எந்தத் தேதி, யார் எதிரில் என்று நான்கு வரி எழுதி வைக்க உதவியிருக்கலாம். வாய்மொழியாகச் சொல்லப்படும் புகார் ஒன்றிய அலுவலக வராந்தாவைத் தாண்டாது. தேதி வரிசையில் எழுதிய தாள் மாவட்ட ஆட்சியர் வரை போகும். அந்த மறுப்பைக் கிராமசபைத் தீர்மானத்தில் பதிய வைத்திருக்கலாம். உங்களோடு ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து, உங்களுக்குப் பதிலாகப் பேசாமல், அருகில் வெறுமனே அமர்ந்திருக்கலாம். ஊராட்சித் தலைவரை நிற்க வைத்துவிட்டு உடன்வந்த ஆண்களிடம் பேசும் அலுவலர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வாயை மூடிக்கொண்டு, "தலைவரிடம் கேளுங்கள்" என்று கைகாட்டுபவரே தேவை. பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்ட பிறகு இந்த வேலை இரட்டிப்பாகிவிட்டது.

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை மாணவி நான். ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டத்தில் சேர்ந்து வேறு நாடுகளில் ஜனநாயக அமைப்புகளை வலுப்படுத்தும் பணியில் ஈடுபட ஆசை. உங்கள் கருத்து? – மாணவி, கோயம்புத்தூர்

நல்ல ஆசை. ஐ.நா. பொதுச்சபை 1970-இல் தீர்மானித்து 1971-இல் செயல்படத் தொடங்கிய அத்திட்டத்தின் தலைமையகம் 1996 முதல் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. சம்பளம் கிடையாது, வாழ்க்கைச் செலவுக்கான படி உண்டு. சொந்த நாட்டிலேயே பணியாற்றும் பிரிவும், வீட்டிலிருந்தபடி இணையவழியில் உதவும் பிரிவும் இருக்கின்றன.

இத்துறையில் அவர்கள் செய்தவற்றில் பெரிதாகப் பேசப்படுவது கம்போடியா. 1993 மே மாதத் தேர்தலுக்காக நானூறுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் மாவட்டத் தேர்தல் மேற்பார்வையாளர்களாகக் கிராமங்களில் தங்கி, வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள், உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். ஏப்ரல் 8 அன்று அத்சுஹிதோ நகாத்தா என்ற 25 வயது ஜப்பானியத் தொண்டர் கொம்போங் தோம் மாகாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அதன் பிறகு சிலர் விலகினார்கள், பெரும்பாலோர் தங்கினார்கள். மிரட்டல்களையும் மீறி, பதிவு செய்திருந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்தனர்.

அதற்குப் பிந்திய கதையையும் படியுங்கள். 1997 ஜூலையில் இரு பிரதமர்களில் ஒருவரான ஹுன் சென் படைபலத்தால் மற்றவரை வெளியேற்றினார். 2017 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முக்கிய எதிர்க்கட்சியைக் கலைத்தது. வெளியிலிருந்து வருபவர்கள் ஒரு தேர்தலை நடத்திக் கொடுக்கலாம். நீதிமன்றத்தையும் தேர்தல் ஆணையத்தையும் நிமிர்ந்து நிற்க வைக்க, ஐ.நா. அங்கிருந்த ஒன்றரை ஆண்டு போதாது, வெளியாட்களாலும் ஆகாது. இதனால் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கணக்கு, புள்ளியியல், சட்ட வரைவு, தேர்தல் நிர்வாகம் என்று கைத்தொழில் போல ஒன்றைக் கற்றுக்கொண்டு போங்கள். ஆர்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு வேலை கற்றுத்தருவதே அங்கிருப்பவர்களுக்குக் கூடுதல் வேலையாகிவிடும். புறப்படுவதற்கு முன் உங்கள் பகுதியில் இரண்டு கிராமசபைகளுக்குப் போய்க் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பதும் நல்லது.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நியமிக்கப்பட்டார். தலைவரே இல்லாதபோது கிராமசபையில் யாரைக் கேள்வி கேட்பது? – வாசகர், திருவண்ணாமலை

தலைவர் பதவி காலாவதியாகும், கிராமசபை காலாவதியாகாது. அது வாக்காளர்கள் அனைவரும் சேர்ந்த சபை. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் சொல்கிறது. ஆயினும் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டு, 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும் மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. முந்தைய பிரிவினருக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் கணக்கு கேட்பது இன்னும் அவசியம். தலைவரிடம் தெருவில் வழிமறித்தும் கேட்கலாம். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் தனி அலுவலரைக் கூட்டத்தில்தான் பிடிக்க முடியும். கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு தேர்தல்களில் கண்காணிப்புத் தன்னார்வலராகப் பணியாற்றினேன். வாக்கு எண்ணி முடிந்த மறுநாளே எங்கள் வேலையும் முடிந்துவிடுகிறது. அதன் பின்பு என்ன? – வாசகர், யாழ்ப்பாணம்

பெஃப்ரல் அமைப்பு 1987-இல் உருவானது முதல் இலங்கையில் தேர்தல் கண்காணிப்பைத் தாங்கி வருபவர்கள் உங்களைப் போன்ற தன்னார்வலர்களே. தேர்தலே நடக்காத காலத்தையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது என்பது உங்கள் நாட்டுக்குத் தெரியும்: 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது, வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது.

உங்கள் வாக்களிப்பு நிலையத்தில் உடனிருந்த நான்கைந்து பேர் பிரிந்து போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தையும் கூட்ட அறிக்கைகளையும் கேட்டுப் பெற்று, ஒரே ஒரு வீதியின் ஒப்பந்தத்தை மட்டும் தொடக்கம் முதல் கடைசிக் கொடுப்பனவு வரை பின்தொடர்ந்து பாருங்கள்.

கேள்வி: நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராமசபை போல ஒன்றும் இல்லையா? – வாசகி, தாம்பரம்

இருக்கிறது. வார்டுக்குக் கீழே பகுதி சபைகள். 2022 நவம்பர் 1 அன்று அவற்றின் கூட்டங்கள் தொடங்கின. உங்கள் வார்டு எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, உங்கள் பகுதிக்கான உறுப்பினராக யார் நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். எதிரில் இருப்பவருக்கே தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு. தேடிக் கண்டுபிடித்துச் சொல்லும் வரை எழுந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஊரில் இருந்துகொண்டே கணக்கு கேட்டால் பகை வருகிறது. தகவல் மனு போட்டவர் வீட்டுக்கு இரவில் ஆள் வருகிறார்கள். பயப்படாதே என்று சொல்வது எளிது. என்ன செய்வது? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். மனுவை ஒருவர் பெயரில் போடாதீர்கள் என்று சொல்வேன். மகளிர் குழுவிலிருந்து பத்துப் பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டால், எந்த வீட்டுக்குப் போய் மிரட்டுவது என்று தெரியாது. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அலுவலருக்கு உரிமையில்லை. காரணம் எழுத வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் உறவினர் பெயரில் அனுப்புவதும் ஒரு வழி. சமூகத் தணிக்கைக்கு வருபவர்கள் அதே ஊராட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது என்று வேலை உறுதிச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டுத் தணிக்கை விதிகள் வைத்ததற்குக் காரணமே இந்தப் பகைதான். வேலைக்குப் போனவர்கள் பட்டியலை வெளியூர்க்காரர் படிக்கட்டும். உள்ளூர்க்காரர், "அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை" என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

மிரட்டல் வந்துவிட்டால், காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் ஆவணம் வந்த அன்றே ஐந்து நகல்கள் எடுத்து ஐந்து வீடுகளில் வையுங்கள். அது வந்த உறையையும் எறிந்துவிட வேண்டாம். முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்கள்தான் அவகாசம். அந்த நாளுக்குச் சாட்சி, உறையின் மேல் குத்தியிருக்கும் அஞ்சல் முத்திரை.